முதல் இடைவெளியில் ஒரு திருக்கை முள்

எலும்பு அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வுபெற்றவளைப் பேசக் கூப்பிட்டால் சாதனைகளைச் சொல்லுவாள் என்று நினைத்திருப்பீர்கள். என் சாதனைகளை எல்லாம் பிரிவு உபசார விழாவிலேயே சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதுச் செய்தி. நான் இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு பாதத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பாதத்தில் எலும்பு இல்லாத ஓர் இடத்தைப் பற்றி.

முன்பாதத்தில் விரல்களை நோக்கிப் போகும் நீள எலும்புகள் ஐந்து. மெட்டாடார்சல் என்று நீங்களும் நானும் மனப்பாடம் செய்தவை. ஐந்து எலும்பு இருந்தால் நடுவே நான்கு இடைவெளி இருக்கும். மாணவியாக இருந்தபோது அந்த ஐந்து எலும்பின் மேடு பள்ளங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "சின்னச் சின்னத் தசை இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. மார்க்கும் குறைந்ததில்லை. அப்படிக் குறையாமல் போனதுதான் எனக்கு நேர்ந்த கெடுதல் என்று பிற்பாடு தோன்றியது.

என் சொந்த ஊர் நாசரேத். அப்பா அம்மா இருவருமே வாத்தியார்கள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இருந்த ஒரே உறவு மீன்சட்டி வழியாகத்தான். தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது பூண்டு தட்டிப்போட்டு அம்மா வைத்த திருக்கைக் குழம்பின் வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு நாளாவது திருக்கை வாங்குவேன். இத்தனை வருடம் வாங்கியும், சந்தையில் கிடக்கிற திருக்கைக்கு ஏன் வால் இல்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வலையில் திருக்கை ஏறியதும் கடலாடிகள் செய்கிற முதல் வேலை, வாலை வெட்டிக் கடலிலேயே வீசுவது. அதன் விஷ முள் இருப்பது அந்த வாலில். அதனால் கரையில் மீன் வாங்கித் தின்கிற எங்களைப் போன்றவர்கள் அந்த முள்ளைக் கண்ணால் பார்க்காமலே கிழவிகளாகிவிடுவோம்.

நான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. கைக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது, கூடவே கொஞ்சம் திமிரும். அப்போதுதான் மிக்கேல் வந்தார். தருவைகுளத்துக்காரர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சங்கு குளிக்கிறவர். படகிலிருந்து கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு, காலில் ரப்பர் துடுப்பை மாட்டி, அடியில் போய்ச் சங்கு பொறுக்கி வருகிற வேலை. அன்றைக்கு முங்கி முடித்துக் கரை சேர்ந்து, முழங்கால் ஆழத்தில் இறங்கிப் படகைத் தள்ளும்போது மணலில் புதைந்து கிடந்த திருக்கையை மிதித்துவிட்டார். அது வாலைச் சுழற்றி மேலிருந்து அடித்திருக்கிறது. புறங்காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் போகிற எலும்புகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பொத்தல்.

கூட இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். படகு என்ஜினிலிருந்து வரும் சுடுதண்ணீரை வாளியில் பிடித்து, பொறுக்கிற சூட்டில் காலை அதற்குள் வைத்திருக்கிறார்கள். விஷக் கடுப்பு குறைந்துதான் என்னிடம் வந்தார். நான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"முள்ளு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சுத்தமா இருக்கு" என்றேன்.

"வால உருவிக்கிட்டுப் போயிட்டு டாக்டரம்மா. முள்ளு முழுசாப் போச்சா ஒடிஞ்சிச்சான்னு தெரியல. உள்ள கெடக்க மாதிரிதான் எனக்கு இருக்கு."

"வலி அப்படித்தான் காட்டும்" என்று சொல்லிவிட்டு, காயத்தைக் கழுவி இரண்டு தையல் போட்டேன். அழகான தையல். நர்ஸ்கூடப் பாராட்டினார். கடல்முள் குத்திய காயத்தைத் தைத்து மூடக்கூடாது என்று உங்களுக்கு இப்போது முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறார்கள். எனக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். பொத்தல் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு சுத்தமாக இருந்ததால் இதற்கு அந்த விதி தேவையில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் அவரை அவருடைய மனைவி ஜெபமாலை தோள்கொடுத்துக் கூட்டிவந்தார். காய்ச்சல். புறங்கால் முழுக்க வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் ஒன்றையொன்று பிடிக்காத சம்பந்திகளைப் போல விலகி நின்றன. விரல்கள் அப்படி விலகி நின்றால் நடுவில் ஏதோ இடம் கேட்கிறது என்று பொருள். அதை மறந்துவிடாதீர்கள்.

நான் பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்து, விளக்குப் பெட்டியில் வைக்காமல் ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது எலும்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. முதல் நாள் அதைப் பார்த்திருந்தேன், எலும்பின் விளிம்பு என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அந்தக் கோடு எலும்பைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருந்தது. எலும்பின் விளிம்பு எலும்பைத் தாண்டி நீளாது. முள்தான் அது.

அதோடு முடியவில்லை. உள்கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்து நாடி பார்த்தேன். இல்லை. அங்கே ஒரு பழைய தழும்பு, ஆழமாகக் குழிந்து கிடந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"அதுவா, நங்கூரக் கயிறு இழுத்து அறுத்தது. பத்து வருசம் இருக்கும். ரத்தம் நிக்கவே இல்ல, பொறவு தானா நின்னுட்டு."

பாதத்துக்கு ரத்தம் வர இரண்டு பெரிய வழி உண்டு. ஒன்று உள்கணுக்காலுக்குப் பின்னால், இன்னொன்று புறங்காலின் மேலே. பின்வழி பத்து வருடத்துக்கு முன்பே அடைந்துபோயிருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி புறங்காலில் ஓடி, நேராக முள் குத்திய அந்த முதல் இடைவெளிக்குள்தான் போகிறது. முள்ளை விட்டுவைத்தால் சீழ் பாதத்தைத் தின்னும். எடுக்கிறேன் என்று அந்த ரத்தக்குழாயைக் கிழித்தால் விரல்கள் கறுத்துவிடும், முன்பாதம்கூடப் போகலாம். முன்பாதம் இல்லாதவர் ரப்பர் துடுப்பை எதில் மாட்டுவார்?

இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மிக்கேல் நேராகவே கேட்டார்.

"முங்க முடியுமா? அத மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா."

"பார்ப்போம் அண்ணாச்சி" என்றேன். வைத்தியர்கள் சொல்லுகிற வார்த்தைகளிலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை அது. வேறு வார்த்தை என்னிடம் இருக்கவில்லை.

அன்று மத்தியானமே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார் மயக்க மருந்து டாக்டர். சாத்தான்குளத்துக்காரர், என்னைவிட மூத்தவர், நோயாளியிடம் ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே காரியத்தை முடித்துவிடுவார். நெஞ்சுக்குக் கீழே பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மிக்கேல் முழு விழிப்போடு கிடந்தார். ரத்தத்தைத் தடுத்துவைக்கிற இறுக்குப்பட்டையைத் தொடையில் கட்டவில்லை. ஒரே வழியில் ரத்தம் வருகிற காலில், அதுவும் சீழ் பிடித்த காலில், அந்த வழியையும் கட்டிவைத்துவிட்டு வேலை பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

என் தையலைப் பிரித்து, புறங்காலைத் திறந்தேன். வீக்கம் அங்கேதானே இருக்கிறது, சீழும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் மாதிரி ஏதோ கசிந்தது. சீழே இல்லை. நான் ஒரு நிமிடம் விழித்தேன். உள்ளங்கால் தோல் கெட்டியாக, அடியோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே எவ்வளவு சீழ் சேர்ந்தாலும் அது உப்பாது. புறங்கால் தோல் தொளதொளப்பானது. கீழே நடக்கிற கலவரத்துக்கு மேலே வீங்கிக் காட்டும். புத்தகத்தில் படித்திருந்த விஷயந்தான், ஆனால் கையில் கத்தியோடு நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இரண்டு எலும்புக்கும் நடுவே மெல்ல உள்ளே போனேன். ஒரு விரல்கூட நுழையாத இடம். இடுக்கியின் நுனியில் ஏதோ கடினமாகத் தட்டியது. எலும்பில்லை. பிடித்தேன். பிடி கிடைத்தது. அந்த நேரத்துச் சந்தோஷம் இருக்கிறதே, அது நம் தொழிலின் பெரிய ஆபத்து. ஐந்து நாளாக நான் செய்த தப்பு இப்போது என் இடுக்கியின் வாயில் இருக்கிறது, ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பிடியை மாற்றி, நர்ஸிடம் சொன்னேன்:

"முள் கிடைச்சிட்டு சிஸ்டர். இழுக்கப்போறேன், துணி வச்சுக்கிடுங்க."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"டாக்டரம்மா, இழுக்காதிய!"

"ஓய் மிக்கேல், நீரு சும்மா கெடயும். அவங்க வேலைய அவங்க பாக்கட்டும்" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"இல்ல சார், இழுக்கக்கூடாது. இழுத்தா கெட்டுச்சு. அவங்ககிட்டச் சொல்லுங்க."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அறுவை மேசையில் கிடப்பவர் எனக்குப் புத்தி சொல்லுவதா? ஆனால் அவர் குரலில் பயம் இல்லை. சாலையைக் கடக்கிற பிள்ளையைப் பார்த்து ஒருவர் கத்துவாரே, அந்தக் குரல். கை தானாக நின்றுவிட்டது. இன்றுவரை அதற்கு என் கைக்குத்தான் நன்றி சொல்லுகிறேன், என் அறிவுக்கு அதில் பங்கில்லை.

"பேசட்டும் சார்" என்றேன். "ஏன் இழுக்கக்கூடாது அண்ணாச்சி?"

"நீங்க திருக்கை முள்ளப் பாத்திருக்கியளா?"

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"ரெண்டு ஓரத்துலயும் அரம் கணக்கா பல்லு இருக்கும். பல்லு எல்லாம் பின்னாலப் பாத்துத் திரும்பி இருக்கும். உள்ள ஏறையில வழுக்கிக்கிட்டுப் போவும். வெளிய இழுத்தா கூட இருக்க எல்லாத்தயும் வாரிக்கிட்டுல்லா வரும். அது முன்னாலதான் போவும் டாக்டரம்மா, பின்னால வராது. நான் அஞ்சு நாளா நொண்டி நொண்டி நடந்திருக்கேன். அது மேலயா இருக்கும்? அடியில இறங்கிருக்கும்."

"உங்க ஆளுக காலுல ஏறுனா என்ன செய்வீங்க?"

"போற வழிக்கே தள்ளி அந்தப் பக்கமா எடுத்துருவோம்."

 எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. மேலே ஏன் சீழ் இல்லை, அடியில் ஏன் இருக்கும், முள் இவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போனது, எல்லாம். ஒவ்வோர் அடி நடக்கும்போதும் அந்த இடைவெளியிலிருக்கும் தசைகள் சுருங்கி விரிந்து முள்ளை அணு அணுவாக முன்னால் தள்ளியிருக்கின்றன. ஐந்து நாளும் அந்த வேலை நடந்திருக்கிறது. வருடக்கணக்கில் உடற்கூறும் மேற்படிப்பும் படித்தவளுக்குத் தெரியாததை, கடலுக்கடியில் சங்கு பொறுக்குகிறவர் மல்லாந்து கிடந்தபடி சொல்லிவிட்டார்.

இழுக்கிற விசையைத் தளர்த்தினேன். ஆனால் இடுக்கியை எடுக்கவில்லை. முள்ளைப் பிடித்தபடியே, விரல்களைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். இடுக்கி அசைந்துகொண்டிருந்தது. நான் அசைக்கவில்லை. அதன் கைப்பிடி கொஞ்சமாக மேலே போய்க் கீழே வந்தது, மறுபடி மேலே போய்க் கீழே வந்தது. மேசைக்குத் தலைமாட்டில் மிக்கேலின் இதயத்துக்கு ஒலி எழுப்பிக்கொண்டிருந்த கருவியைக் கவனித்தேன். டிக், டிக் என்ற ஒவ்வொரு ஒலிக்கும் என் இடுக்கி ஒரு தடவை தலையாட்டியது.

"சார், இங்க வந்து பாருங்க. துடிக்கி. முள்ளு ரத்தக்குழாய் மேல சாஞ்சு நிக்கி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளே, அந்த இடத்தைப் பற்றி இனி உங்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவே ஒரு தசை உண்டு. அது ஒரே இடத்தில் கிளம்புவதில்லை. இந்த எலும்பிலிருந்து ஒரு கிளை, அந்த எலும்பிலிருந்து ஒரு கிளை என இரண்டாகக் கிளம்பி, நடுவில் சேர்ந்து விரலுக்குப் போகிறது. இரண்டு கிளையும் சேருவதற்கு முன்னால், அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. புறங்காலில் ஓடிவருகிற ரத்தக்குழாய் அந்த வாசலுக்கு வந்ததும் திரும்பி, செங்குத்தாக இறங்கி, உள்ளங்காலுக்குப் போய் ஒரு வில்லாக வளைகிறது. அந்த வில்லிலிருந்துதான் விரல்களுக்குக் கிளைகள். இன்னும் முன்னால் போனால் எலும்புகளின் தலைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கிற நார், நாருக்கு அடியில் ஒளிந்து போகிற நரம்பு. எல்லாம் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள். அதன்மேல் ஒரு மனிதன் தன் முழுப் பாரத்தையும் போட்டு நடக்கிறான், ஓடுகிறான், படகு தள்ளுகிறான், ஒன்றும் நசுங்குவதில்லை. யார் இதை இப்படி வைத்தது என்று நான் அந்த நிமிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.  ஒன்றுமில்லாத இடம் என்று தேர்வில் தாண்டிப்போன இடத்தில் இத்தனை இருக்கிறது, அதில் எதையும் அறியாமல் நான் இழுக்கப் பார்த்திருக்கிறேன்.

முள் அந்த வாசல் வழியாகவே, குழாயை உரசிக்கொண்டு இறங்கியிருந்தது. பற்கள் பின்னோக்கி. இழுத்திருந்தால் முதல் பல்லே குழாயைக் கொக்கி போட்டிருக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் முடியாது. நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தள்ளினால் அது எதில் போய் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? இடுக்கியை அப்படியே பிடித்திருக்கும்படி நர்ஸிடம் கொடுத்தேன். "இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், கூடவே ஆடட்டும்" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொள்ளக் கை ஒழியாமல் உதட்டை மட்டும் அசைத்தார். நான் குனிந்து உள்ளங்காலின் குழிவில், மிதிக்கும்போது தரை படாத இடத்தில், திறந்தேன். இரண்டாவது தசை அடுக்கைத் தாண்டியதும் சீழ் பீறிட்டு வந்தது. தியேட்டரே நாறிப்போயிற்று. அந்த நாற்றத்துக்கு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கழுவிவிட்டு, விரலை உள்ளே விட்டேன். ஊசி மாதிரி ஒன்று விரல் நுனியில் தட்டுப்பட்டது.

"அண்ணாச்சி, நுனி அடியிலதான் இருக்கு. தள்ளப்போறேன்."

"தள்ளுங்க. திருப்பாதிய, நேராத் தள்ளுங்க."

இடுக்கியை நர்ஸிடமிருந்து திரும்ப வாங்கி, மேலிருந்து மெல்லத் தள்ளி, கீழே மறுகையால் வாங்கிக்கொண்டேன். ஓர் இடத்திலும் மாட்டவில்லை. எண்ணெய் போட்ட கதவுத் தாழ் மாதிரி வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது. பாதிச் சுண்டுவிரல் நீளம். ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் பட்டு, மறுதிசையில் ரம்பம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நர்ஸ்தான் விரல்களைக் காட்டினார். பெருவிரலும் அடுத்த விரலும் வெள்ளைக் காகிதமாக இருந்தன.

குழாய் கிழியவில்லை, ரத்தம் பாயவில்லை. ஆனால் ஐந்து நாள் முள்ளோடு உரசிக் கிடந்த குழாய், முள் போன அதிர்ச்சியில் இறுகிச் சுருங்கிக்கொண்டது. சுருங்கினது விரியலாம். விரியாமலும் போகலாம். உள்ளே போய் ஏதாவது செய்யலாமா என்று கை துறுதுறுத்தது. மயக்க மருந்து டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "வெதுவெதுப்பாத் தண்ணி விடுங்க. மத்தபடி அத ஒண்ணும் செய்யாதிய" என்றார். அவரும் அதற்குமேல் ஊர்ப்பேச்சு பேசவில்லை.

இளஞ்சூட்டு உப்புநீரில் நனைத்த துணியை அந்த இடைவெளியில் வைத்துவிட்டு நின்றேன். இந்தத் தொழிலில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பதுதான் கஷ்டமான வேலை. எத்தனை நிமிடம் என்று தெரியாது. எனக்கு ஒரு பகல் முழுக்க நின்றதாகத்தான் ஞாபகம். மிக்கேல் ஒரு தடவை கேட்டார்:

"முள்ளு வந்துட்டுல்லா? பின்ன ஏன் யாரும் பேச மாட்டேங்கிய?"

  துணியை மாற்றினேன். மறுபடி மாற்றினேன்.

முதலில் நிறம் வந்தது இரண்டாவது விரலின் நகத்தடியில். ரோஜா நிறம்கூட இல்லை, அழுக்கு வெள்ளை அவ்வளவுதான். ஆனால் காகித வெள்ளை போயிருந்தது. பிறகு நகத்தைச் சுற்றி. பிறகு பெருவிரலின் ஓரம். நான் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன், அழுத்திய இடம் சிவந்து நிரம்பியது. குனிந்து அந்த வாசலைப் பார்த்தேன். குழாய் தன் போக்கில் துள்ளிக்கொண்டிருந்தது.

"வந்துட்டு டாக்டர்" என்றார் நர்ஸ். அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பற்றி நான் சொல்லவில்லை.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்லுகிறேன். இரண்டு காயத்தையும் தைக்காமல் திறந்தே வைத்தோம். அந்தப் புத்தி எனக்கு அப்போது வந்திருந்தது. தினமும் கட்டு மாற்றி, பொறுமையாக ஆறவிட்டோம். மழைக்காலம் கழிந்து சங்குப் படகுகள் கிளம்பியபோது மிக்கேலும் துடுப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் பேச்சை அவர் கேட்கவில்லை, அவர் பேச்சை நான் முதல் நாள் கேட்காததுபோல.

அதற்குப் பிறகு எது குத்திக்கொண்டு யார் வந்தாலும், குத்தினது என்ன சாமான், எப்படி இருக்கும், எந்தப் பக்கமாக வளைந்திருக்கும் என்று, அதைக் கையாளுகிறவரிடமே கேட்காமல் நான் இடுக்கியைத் தொட்டதில்லை. உப்பளத்துக்காரரிடம் கேட்டிருக்கிறேன், துறைமுகத்தில் இரும்புக் கயிறு கட்டுகிறவரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டால் நம் படிப்பு குறைந்துவிடாது. நோயாளி "உள்ள கெடக்கு" என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்கிற வரை உள்ளே கிடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் நான் தருகிற புத்தி. ஆனால் இதைச் சொல்லவா இத்தனை தூரம் வந்தேன் என்றால், இல்லை. அன்றைக்கு மத்தியானம் தியேட்டருக்கு வெளியே நடந்த ஒன்று பாக்கியிருக்கிறது.

அறுவை முடிந்து மிக்கேலைப் பக்கத்து அறையில் கிடத்தியிருந்தார்கள். ஜெபமாலை தலைமாட்டில் நின்றார். நான் போய்ச் சொன்னேன்.

"முள்ள எடுத்தாச்சு. விரலுக்கு ரத்தம் ஓடுது. ஆனா ஒண்ணு சொல்லணும். மொத நாளே படத்துல முள்ளு தெரிஞ்சிச்சு, நான் கவனிக்கல. தையலும் போட்டிருக்கக்கூடாது. இவ்வளவு தூரம் வந்தது என் தப்பு."

ஜெபமாலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுக அன்னைக்கே சொன்னாவல்லா, உள்ள கெடக்க மாதிரி இருக்குன்னு?"

"சொன்னாங்க. நான் கேக்கல."

"காலு போயிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

  அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலிருந்தது. மிக்கேல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"டாக்டரம்மா, உள்ள ஏதோ துடிக்கின்னு சத்தம் போட்டியள்லா. அத நான் தொட்டுப் பாக்கலாமா?"

முதுகில் ஊசி போட்டிருந்ததால் அவர் எழுந்து உட்காரக்கூடாது. அதனால் நானும் நர்ஸுமாக, மரத்துக் கிடந்த காலை முழங்காலில் மடக்கி, மறு தொடையின்மேல் சாய்த்து, பாதத்தை அவர் கைக்கு எட்டும்படி கொண்டுவந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாததால் அது அவருக்கு யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கட்டு மூடாத இடத்தில், கணுக்காலை அடுத்த புறங்காலில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். லேசாக அழுத்தச் சொன்னேன்.

அவர் கண் விரிந்தது. 

பிறகு விரலை மெல்ல நகர்த்தினார், துடிப்பின் வழியே, விரல்களை நோக்கி. கட்டின் ஓரத்தில் நின்றுவிட்டார்.

"இங்கன காணலியே?"

"அங்கதான் அண்ணாச்சி அது முங்குது. ரெண்டு எலும்புக்கும் நடுவுல எறங்கி அடிக்குப் போயிரும்."

"முங்குன பொறவு மூச்செடுக்க மேல வராதா?"

"வராது. நீங்க பொறந்ததுலேர்ந்து முங்குது. நீங்க இருக்க மட்டும் முங்கும்."

 அவர் கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. விரலை எடுக்காமலே கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. கையக் குடு."

ஜெபமாலை என்னைப் பார்க்காமல் சுற்றி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.